ருடால்ஃப் அவுக்ஸ்டைன்: 103 நாள் சிறையும் பாதிப் பங்கும்

‘டெர் ஸ்பீகல்’ வார இதழை நிறுவிய ருடால்ஃப் அவுக்ஸ்டைனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1962 கைதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கைது பெரிய விஷயம்தான். ஆனால் 1974இல் அவர் தன் நிறுவனத்தின் சொத்துரிமையைப் பிரித்துக் கொடுத்த விதம் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்பது என் கருத்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் முழுசாகப் பிடிபடுவார்.

1923 நவம்பர் 5இல் ஹனோவரில், ஏழு பிள்ளைகள் கொண்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் உள்ளூர் நாளிதழில் பயிற்சி, பிறகு பீரங்கிப் படையில் கிழக்குப் போர்முனை. போர் முடிந்தபோது ஹனோவர் பிரிட்டிஷார் கையில் இருந்தது. அவர்கள் தரும் உரிமம் இல்லாமல் யாரும் பத்திரிகை அச்சிட முடியாது. ஜான் சலோனர் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி, அமெரிக்க, பிரிட்டிஷ் செய்தி வார இதழ்களின் மாதிரியில் ‘டீஸ வோஹ’ என்ற இதழை 1946 நவம்பரில் தொடங்கிவைத்தார். அவுக்ஸ்டைன் அதன் ஆசிரியர் குழுவில் இருந்தார். ஆக்கிரமிப்பு அரசுகளையே அந்த இதழ் விமர்சித்ததால் புகார்கள் குவிந்தன. நிறுத்துவதைவிட ஜெர்மானியர் பொறுப்பில் விட்டுவிடுவது மேல் என்று பிரிட்டிஷார் முடிவெடுத்தார்கள். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள். அப்படித்தான் 1947 ஜனவரி 4 தேதியிட்ட முதல் ‘ஸ்பீகல்’ வந்தது. 15,000 பிரதிகள், விலை ஒரு ரைஷ்மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்). காகித ஒதுக்கீட்டுக்கு மேல் ஒரு பிரதிகூட அச்சிட வழியில்லாததால் கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்குப் போயிற்று. உரிமம் பெற்ற மூவரில் ஒருவரான அவுக்ஸ்டைனுக்கு அப்போது வயது 23.

1952இல் இதழ் ஹம்பர்க்குக்கு மாறியது. அவுக்ஸ்டைன் ‘யென்ஸ் டானியல்’ என்ற புனைபெயரில் மேற்கு ஜெர்மன் பிரதமர் அடெனாவரின் கொள்கைகளை விடாமல் தாக்கி எழுதிவந்தார். அவருடைய எழுத்தளவுக்கே முக்கியம், அந்த இதழ் கட்டியெழுப்பிய ஆவணக் காப்பகம். வெளிவந்த செய்திகளை வெட்டி, தலைப்புவாரியாக அடுக்கி, தேவைப்படும்போது ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது. பெயர், தேதி, எண் என்று கட்டுரையிலுள்ள ஒவ்வொன்றையும் அச்சுக்குப் போகுமுன் காப்பகத்தார் சரிபார்ப்பார்கள். இந்த வேலைமுறையே பின்னர் குற்றமாகப் பார்க்கப்பட்டது.

1962 அக்டோபர் 10 தேதியிட்ட இதழில் கோன்ராட் ஆலர்ஸும் ஹான்ஸ் ஷ்மெல்ட்ஸும் எழுதிய கட்டுரை வந்தது. ‘ஃபாலெக்ஸ் 62’ என்ற நேட்டோ போர்ப் பயிற்சியில் மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்குக் கிடைத்த மதிப்பீடு, நான்கு படிகளில் கடைசிப் படி: நிபந்தனைக்குட்பட்ட தற்காப்புத் திறன். பாதுகாப்பு அமைச்சர் ஃப்ரான்ஸ் யோசஃப் ஷ்ட்ரவுஸின், அணு ஆயுதத்தை நம்பிய கொள்கையை அது நேரடியாகக் கேள்வி கேட்டது.

அக்டோபர் 26, வெள்ளி இரவு. அடுத்த இதழ் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கட்டுரை தேசத்துரோகம் என்ற சந்தேகத்தில் ‘ஸ்பீகல்’ அலுவலகத்துக்குள் போலீஸ் நுழைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளை மூடிச் சோதனையிட்டார்கள். அச்சுக்குப் போகவிருந்த திருத்தப் படிகளையும் தங்களிடம் காட்டச் சொன்னார்கள். அரசியல் சட்டமே தணிக்கை கிடையாது என்று சொல்லும் நாட்டில் நடந்தது இது. அவுக்ஸ்டைன் மறுநாள் தாமே போலீஸில் ஆஜரானார். அலுவலகம் பல வாரம் போலீஸ் வசம் இருந்தும் ஓர் இதழ்கூட நிற்கவில்லை. அதே கட்டடத்தில் இருந்த ‘டீ ட்ஸைட்’, ‘ஷ்டெர்ன்’ போன்ற இதழ்கள் மேசையும் தட்டச்சுப் பொறியும் கொடுத்து இடம் ஒதுக்கின. சந்தையில் போட்டியாளர்கள்தான், ஆனாலும் கைகொடுத்தார்கள். ஜெர்மன் பத்திரிகை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

அரசு சறுக்கிய இடம் ஸ்பெயின். ஆலர்ஸ் விடுமுறைக்கு டொர்ரெமொலினோஸ் போயிருந்தார். ஷ்ட்ரவுஸ் நள்ளிரவில் மாட்ரிட் தூதரகத்தின் ராணுவ அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்து, ஸ்பெயின் போலீஸ் மூலம் அவரைக் கைது செய்ய வைத்தார். அதற்கான அதிகாரம் அவருக்கு இல்லை. சட்ட அமைச்சர் ஷ்டம்பெர்கருக்கு இந்த நடவடிக்கை பற்றித் தகவலே தரவில்லை. அவர் கூட்டணிக் கட்சியான சுதந்திர ஜனநாயகக் கட்சிக்காரர். நவம்பரில் நாடாளுமன்றத்தில் அடெனாவர் ‘தேசத்துரோகத்தின் படுகுழி’ என்று முழங்கினார். உள்துறை அமைச்சர் ஹ்யோஹெர்லோ அந்தக் கைது ‘சட்டத்துக்குச் சற்று வெளியே’ நடந்தது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. முதலில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்ற ஷ்ட்ரவுஸ், பிறகு தொலைபேசிப் பேச்சை மறுக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். ‘ஸ்பீகல் செத்தால் சுதந்திரமும் செத்தது’ என்ற அட்டைகளோடு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கூட்டணிக் கட்சியின் ஐந்து அமைச்சர்களும் விலக, புதிய அமைச்சரவையில் ஷ்ட்ரவுஸுக்கு இடமில்லாமல் போயிற்று.

அவுக்ஸ்டைன் 103 நாள் விசாரணைக் கைதியாக இருந்து 1963 பிப்ரவரி 7இல் வெளியே வந்தார். போதிய ஆதாரம் இல்லை என்று 1965 மே 13இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கே எடுக்க மறுத்துவிட்டது. 1966 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் ‘ஸ்பீகல்’ தொடுத்த மனு தோற்றது. ஆனால் சுதந்திரமான, தணிக்கையற்ற பத்திரிகை ஜனநாயகத்துக்கு இன்றியமையாதது என்று அதே தீர்ப்பு எழுதிவைத்த வரிகளைத்தான் அதற்குப் பிறகு வந்த வழக்கறிஞர்களெல்லாம் மேற்கோள் காட்டுகிறார்கள்.

வழக்கின் உள்ளே இருந்த சட்டச் சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் காலத்துச் சட்டப் பார்வையில் ‘மொசைக் கோட்பாடு’ என்று ஒன்று இருந்தது. தனித்தனியாக எல்லாரும் அறிந்த தகவல்களாகவே இருக்கட்டும், அவற்றைக் கோத்துப் புதிய சித்திரம் உருவானால் அந்தச் சித்திரம் அரசு ரகசியம் ஆகலாம். அப்படியானால் பழைய நாளிதழ்களை வைத்துக் கட்டுரை எழுதுபவரையும் துரோகி ஆக்கிவிடலாம். காப்பகத்தை நம்பி வேலை செய்த ஓர் இதழுக்கு இதைவிட ஆபத்தான கோட்பாடு கிடையாது. கட்டுரையில் இருந்தவற்றில் மிகப் பெரும்பகுதி ஏற்கெனவே அச்சில் வந்ததுதான் என்று ‘ஸ்பீகல்’ தரப்பு காட்டியது. 1968இல் தேசத்துரோகச் சட்டம் திருத்தப்பட்டு, அரசு ரகசியம் எது என்ற வரையறை இறுக்கமானது.

அவரைப் புனிதர் ஆக்கவும் வேண்டாம். 1950களில் ஹோர்ஸ்ட் மாங்க, கேயோர்க் வோல்ஃப் என்ற முன்னாள் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் துணைப்படை) அதிகாரிகள் ‘ஸ்பீகல்’ துறைத் தலைவர்களாக இருந்தார்கள். தெரிந்தேதான் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்வது நேர்மையாகாது. 1972இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, சில வாரங்களிலேயே பதவியைத் துறந்து இதழுக்குத் திரும்பினார்.

இனி 1974. நிறுவனத்தின் 50 சதவீதத்தை ஊழியர்களுக்கே கொடுத்தார். 25 சதவீதம் க்ரூனர் உண்ட் யார் பதிப்பகத்திடம், மீதி 25 அவரிடம். ஊழியர் பங்கு தனி நபருக்குச் சொந்தமல்ல, ஒரு கூட்டு நிறுவனத்தின் பேரில் இருக்கிறது. மூன்று ஆண்டு பணி முடித்தவர் அதில் உறுப்பினர். லாபத்தில் பங்கு உண்டு, நிர்வாகிகள் ஐவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் உண்டு. வேலையை விட்டால் பங்கும் போய்விடும். வெளியாளுக்கு விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவோ முடியாது. இதழை யாரும் சில்லறையாக வாங்கிச் சேர்த்துவிட முடியாதபடி போட்ட பூட்டு இதுதான்.

ஓட்டைகளும் உண்டு. லாபம் கைக்கு வருவதால், அதைப் பிரித்துக்கொள்வதா, எதிர்காலத்துக்கு முதலீடு செய்வதா என்ற இழுபறி ஓயாது. இணையப் பிரிவு தனி நிறுவனமாக இருந்ததால் அதன் செய்தியாளர்கள் நெடுங்காலம் உறுப்பினராக முடியவில்லை.

முக்கிய முடிவுகளுக்கு 76 சதவீத ஆதரவு வேண்டும். 25 வைத்திருப்பவர் மறுத்தால் மற்ற இருவரும் சேர்ந்தாலும் 75தான், ஒரு சதவீதம் குறையும். அவுக்ஸ்டைன் உயிரோடு இருந்தவரை அந்தத் தடுப்புரிமை அவருக்கு இருந்தது. 2002 நவம்பர் 7இல் அவர் இறந்தபின், ஒப்பந்தப்படி வாரிசுகளின் பங்கில் ஒரு சதவீதம் மற்ற இரு தரப்புக்கும் அரை அரையாகப் போனது. ஊழியர்கள் 50.5, பதிப்பகம் 25.5, குடும்பம் 24. மகள் ஃப்ரான்ஸிஸ்கா வெளிப்படையாக எதிர்த்தும் பலனில்லை. அதன்பின் குடும்பத்தின் சம்மதம் இல்லாமலேயே மற்ற இருவரால் முடிவெடுக்க முடிந்தது. ஊழியர்களோ பதிப்பகமோ மறுத்தால் மட்டும் எதுவும் நகராது என்ற நிலை வந்தது.