காற்று விழும்வரை

ஏப்ரல் 2
காற்று விழவில்லை. கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ் போர்க்கப்பலின் இரும்பு எப்படி அரிக்கிறது என்று மூழ்கி அளக்கக் காத்திருப்பு.

ஏப்ரல் 3
இரும்பின் மின்னழுத்தத்தை அளக்கும் இரண்டு வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டு மின்முனைகளும் கடல்நீர் வாளியில் ஊறுகின்றன. இரண்டுக்கும் இடையே 5 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும்.

ஏப்ரல் 4
பொருக்கு. இரவெல்லாம் அதே நினைவு. துரு, சுண்ணாம்பு, சிப்பி எல்லாம் சேர்ந்து இறுகிய அந்தத் தோல்தான் இரும்பை ஒட்சிசனிடமிருந்து காக்கிறது. பெயர்த்தால் அரிப்பு மீண்டும் வேகம் பிடிக்கும். ஆனாலும் அளக்கத் துளை வேண்டுமே. காற்றழுத்தத் துளைப்பான், 16 மில்லிமீட்டர் அலகு, இரும்பு தட்டியதும் நிறுத்தம். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் முனை உடனே உள்ளே போக வேண்டும். தாமதித்தால் துளைக்குள் புகுந்த கடல்நீரின் 8 சொச்சத்தைத்தான் காட்டும், அடியிலுள்ள அமிலத்தை அல்ல. பிறகு மின்முனை. எண் அலைந்தால் ஊசி துருவில் நிற்கிறது என்று பொருள். சுரண்டி, உலோகத்தைத் தொட்டு, நிலைத்த எண்ணை மட்டும் எழுத வேண்டும். அதே இறக்கத்திலேயே எப்பொக்சிப் பசையால் துளையை அடைக்க வேண்டும். திறந்த துளை என்றால் புதுப் புண்.

ஏப்ரல் 5
அலை. வள்ளம் இறங்கவில்லை.

ஏப்ரல் 6
அடிக்கலவை, அதாவது அடியில் சுவாசிக்கும் வாயு: ஒட்சிசன் 18, ஈலியம் 45 விழுக்காடு, மிச்சம் நைதரசன். 50 மீட்டரில் இது தரும் மயக்கம், 23 மீட்டரில் வெறும் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். எழுதும் பலகையில் எண் தடுமாறாமலிருக்க இது அவசியம். ஏறும்போது 21 மீட்டரில் 50 விழுக்காட்டுக் கலவை, 6 மீட்டரில் தனி ஒட்சிசன். ஆழம் மாறி வாயில் வைத்தால் வலிப்பு. சிலிண்டரின் இருபுறமும் ஆழத்தைப் பெரிதாக எழுத வேண்டும்.

ஏப்ரல் 7
நாங்கள் பிடித்து இறங்கும் வழிக்கயிற்றின் எடை மணலில்தான் விழ வேண்டும், கப்பல்மேல் அல்ல. மீன் கூடும் இடமென்று வள்ளங்கள் போடும் நங்கூரம் ஒரே இழுவையில் பொருக்கை உரித்துவிடுகிறது. எத்தனை கவனமாகத் துளையிட்டு என்ன பயன்?

ஏப்ரல் 9
1942இல் இதே நாள். திருகோணமலையிலிருந்து விலகி வந்த ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால், ஜப்பானிய விமானங்களின் குண்டுகளில். விமானந்தாங்கி, தளத்தில் ஒரு விமானமும் இல்லை. 307 பேர். உயிர் தப்பியோரை வீட்டா மருத்துவக் கப்பல் தூக்கியது. உள்ளே நுழைவதில்லை. எதையும் எடுப்பதில்லை. இதில் பேச்சே இல்லை.

ஏப்ரல் 10
182 மீட்டர் நீளத்தையும் ஒரே இறக்கத்தில் படமெடுக்க முடியாது. 5.5 அங்குலப் பீரங்கி ஒன்றும் அதன் சுற்றும் போதும். அடுத்தடுத்த படங்கள் 70–80 விழுக்காடு ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விளக்குகளைக் கமராவிலிருந்து கை நீளத்துக்கு விலக்கிப் பிடிக்காவிட்டால் மிதக்கும் துகள்தான் பளிச்சிடும். அளவுச்சட்டம் மணலில், பொருக்கின்மேல் அல்ல.

ஏப்ரல் 12
விடியலில் காற்று விழுந்தது. நீரோட்டமும் தளர்கிறது. அடிக்கலவையில் ஈலியம் 43 காட்டுகிறது. மயக்கக் கணக்கு மறுபடி, 24 மீட்டர். ஏற்கலாம். புதுச் சீட்டு எழுதி ஒட்டியாயிற்று.