சீனாவுக்கு அப்போஸ்டில் செல்லாது: எனக்கு ஆறு வாரம் போனது

சீனாவுக்குப் படிக்கவோ ஆய்வுக்கோ போகிறவர்கள், டிகிரி சர்டிபிகேட்டில் அப்போஸ்டில் வாங்காதீர்கள் (அதற்கான ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், தூதரகம் போகாமலேயே ஆவணம் செல்லுபடியாக நம் வெளியுறவுத் துறை ஒட்டித்தரும் சான்று அது). நான் வாங்கினேன். ஆறு வாரமும், இரண்டு மடங்கு பணமும் போனது.

சட்டக் கல்லூரியில் அறிவுசார் சொத்துரிமை நடத்துகிறேன். சீன வர்த்தகக்குறி வழக்குகளை ஆங்கிலச் சுருக்கத்தில் படித்தே வகுப்பெடுப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வருடம் மாலை நேரத்தில் சீனம் படித்தேன். 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில் ஒரு வருட ஆய்வுக்கு இடம் கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று, அப்புறம் உயர்கல்வித் துறை முத்திரை என்று எல்லாம் முடிந்து கடைசிக் கட்டத்தில் ஏஜென்ட் சொன்னார்: "சீனாவும் அப்போஸ்டில்ல சேந்துடுச்சு மேடம், இனி தூதரகம் போகவே வேணாம்." பாதி உண்மை. 2023 நவம்பர் 7 முதல் சீனாவில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் சீனா சேர்ந்ததற்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்ததால் இந்த இரண்டு நாடுகளுக்கிடையே மட்டும் செல்லாது. பழைய வழிதான்: வெளியுறவுத் துறையின் சாதாரண அட்டஸ்டேஷன், அதன்பிறகு சீனத் தூதரகச் சான்று. பெய்ஜிங்கிலிருந்து மெயில் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பட்டத்தின் பின்பக்கத்தில் சதுரமாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தபடி அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து அலைந்தேன். ஏஜென்ட் பேச்சை நம்பாமல், எந்த முத்திரை வேண்டும் என்று சேரப்போகும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, நம் இனிஷியல். பட்டத்தில் முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இரண்டு பேரும் ஒருவர்தானா என்று கேட்டார்கள். தாசில்தாரிடம் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் வாங்கி, அதையும் கையோடு வைத்திருந்ததால் தப்பித்தேன். எக்ஸ்-1 விசா (நீண்ட காலப் படிப்புக்கானது), மெடிக்கல் எல்லாம் சிக்கலில்லை. வந்து 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பெய்ஜிங்கில் முதல் வாரமே அடுத்த இடி. சீன நீதிமன்றத் தீர்ப்புகளுக்கென்று 2013இல் தொடங்கிய இணையதளத்தில் நுழைய மொபைல் எண் வேண்டும். என் இந்திய எண்ணுக்கு ஓடிபி வரவேயில்லை. சிம் வாங்கப் போனால், கடைக்காரப் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் குடும்பப் பெயர் கட்டம் காலி என்று திருப்பித் தந்துவிட்டார். மூன்று நாள், மூன்று கடை. மூன்றாவது கடையில் பெரியவர் ஒருவர், விசா பக்கத்தில் அச்சாகியிருந்தபடியே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார். சிம் உயிர்பெற்றது.

அன்று இரவு முதலில் திறந்தது அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் வழக்கு. சீனாவில் முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் வர்த்தகக்குறி. ஜோர்டானைச் சீனர்கள் அழைக்கும் 'சியாவ்தான்' என்ற பெயரை ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனம் பதிந்து வைத்திருந்தது. அதை எதிர்த்து வழக்காடிய ஜோர்டான் கீழ் நீதிமன்றங்களில் தோற்றார். 2016 டிசம்பர் 8 அன்று உச்ச மக்கள் நீதிமன்றம், சீன எழுத்தில் உள்ள அந்தப் பெயர் அவரைத்தான் குறிக்கிறது என்று ஏற்றது. அதே ஒலியை ரோமன் எழுத்தில் எழுதிய பதிவுகளில் மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. ஒரே பெயர், எழுத்து மாறினால் உரிமை மாறுகிறது! சுருக்கத்தில் இரண்டு வரியில் கடந்துபோன இந்த வித்தியாசத்துக்கு, மூலத்தில் பத்தி பத்தியாகக் காரணம் இருந்தது. அகராதியோடு விடியும்வரை படித்தேன்.

ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: தேவையான தீர்ப்பு கண்ணில் பட்டதும் வழக்கு எண்ணோடு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்று இருப்பது நாளை அந்தத் தளத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊர் திரும்பினாலும் அந்த சிம்மைக் காலாவதியாக விடாதீர்கள். நான் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.