தாங்ஹூலுவை எடை போட்டுப் பார்த்தேன்

பெய்ஜிங்கில் எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். அங்கே நவம்பர் 15 ஆனால் நகரம் முழுக்க வீடுகளின் வெப்பக் குழாய்களில் சுடுநீர் ஓட ஆரம்பித்துவிடும். ஏறக்குறைய அதே சமயத்தில் எங்கள் மெட்ரோ வாசலில் தாங்ஹூலு வண்டியும் வந்து நிற்கும். மூங்கில் குச்சியில் கோத்த சிவப்புப் பழங்கள், அதன் மேல் கண்ணாடி போலச் சர்க்கரைப் பாகு. பள்ளி விட்டு வரும்போது மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று வாங்குவேன். வாரத்தில் நான்கு நாளாவது இது நடந்தது. பழம்தானே, சாப்பிட்டால் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன்.

டிசம்பரில் ரத்தப் பரிசோதனை செய்தபோது எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண், 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. அப்பாவுக்குச் சர்க்கரை, பாட்டிக்கும் சர்க்கரை. அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அடுத்த வாரமே தாங்ஹூலுவைக் கடிக்கும்போது என் கடைவாய்ப் பல்லில் இருந்த பல்லடைப்பு பாகோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மகளின் வாயைத் திறந்து பார்த்தால் பால்பல் ஒன்றில் கறுப்பாக ஒரு புள்ளி. அவளுக்கு ஏழு வயது.

அன்றோடு நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் கண்ணில் படுகிற பண்டத்தை ஒரு குழந்தைக்கு எத்தனை நாள் மறுக்க முடியும்? நிறுத்துவதோ குறைப்பதோ, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்வோம் என்று பக்கத்து வீட்டு ஆயியிடம் போனேன். சீனத்தில் ஆயி என்றால் சித்தி முறை. நம் பக்கத்தில் அம்மாவையும் பாட்டியையும் ஆயி என்று கூப்பிடும் ஊர்கள் உண்டு என்பதால் எனக்கு அந்த வார்த்தை முதல் நாளே நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அறுபத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து பெய்ஜிங்தான்.

"கடையில் ஏன் வாங்குகிறாய்? வீட்டில் செய். செய்தால்தான் அதில் என்ன போகிறது என்று தெரியும்," என்றார்.

பழத்தின் பெயர் ஷான்ஜா. எலுமிச்சையை விடச் சிறியது, நல்ல சிவப்பு, தோல் முழுக்க வெளிர் புள்ளிகள். கடித்தால் இலந்தைப்பழம் மாதிரி கொஞ்சம் மாவாக இருக்கும், புளிப்பு மட்டும் பல மடங்கு. கொஞ்சம் துவர்க்கவும் செய்யும். 100 கிராமில் சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நார்ச்சத்து 3 கிராம் அளவுக்கு உண்டு. பாகில் பழம் கொதிப்பதில்லை, ஒரு நொடி புரண்டு எழுகிறது, அவ்வளவுதான். அதனால் உள்ளே இருக்கும் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். சீன மருத்துவத்தில் இது செரிமானத்துக்கான பழம், முக்கியமாக இறைச்சி சாப்பிட்ட பிறகு. லி ஷிஜென் என்ற சீன மருத்துவர் 1578இல் எழுதி முடித்த மூலிகை நூலிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. ஆயி ஒரு கதையும் சொன்னார். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட சுங் வம்சப் பேரரசர் குவாங்சுங்கின் அன்புக்குரிய மனைவி உணவே இறங்காமல் நோயில் கிடந்தாராம். ஒரு வைத்தியர் ஷான்ஜாவைக் கற்கண்டோடு வேகவைத்து, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு முன்னும் ஐந்து முதல் பத்து பழம் வரை கொடுக்கச் சொன்னாராம், அவரும் குணமானாராம். தாங்ஹூலு அதிலிருந்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. முழுப்பெயர் பிங்தாங் ஹூலு. பிங்தாங் என்றால் கற்கண்டு, ஹூலு என்றால் சுரைக்காய்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். பழத்தைக் கழுவி, துணியால் ஒவ்வொன்றாக ஒற்றி, அரை மணி நேரம் காய விட வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பாகு பிடிக்காது. பழத்தின் இடுப்பில் கத்தியை வட்டமாக ஓட்டித் திருகினால் இரண்டாகப் பிரியும். உள்ளே நான்கைந்து விதைகள், கல் மாதிரி. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மூடிக் குச்சியில் கோக்க வேண்டும். விதை எடுக்காமல் விற்கிறவர்களும் உண்டு. பல் உடையும் ஆபத்து பாதி அங்கேதான் இருக்கிறது.

பாகுக்கு 400 கிராம் சர்க்கரை, 200 கிராம் தண்ணீர். முதல் தடவை நான் கரண்டி போட்டுக் கிண்டினேன். ஐந்து நிமிடத்தில் பாகு பூத்து, வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரை மணலாகிவிட்டது. கரைந்த பிறகு கிண்டவே கூடாது என்று ஆயி அப்புறம்தான் சொன்னார். இரண்டாவது தடவை அவசரப்பட்டு முன்னதாகவே முக்கிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது, கடித்தால் மிட்டாய் போல இழுத்துப் பல்லில் அப்பிக்கொண்டது. என் பல்லடைப்பைப் பிடுங்கியதும் இப்படிப் பதம் வராத பாகுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது தடவை ஆயி பக்கத்திலேயே நின்றார். முதலில் பெரிய பெரிய குமிழாக நுரைத்து வரும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழ்கள் சின்னதாகி, நெருக்கமாகி, மெதுவாக வெடிக்கும். நிறம் வெளிர் மஞ்சளுக்குத் திரும்பும். அப்போது ஒரு சொட்டை ஐஸ் தண்ணீரில் விட்டு எடுத்துக் கடித்தால் பல்லில் ஒட்டாமல் "டக்" என்று உடைய வேண்டும். கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது அம்மா தண்ணீரில் விட்டுத் தட்டில் போட்டு "டங்" என்று சத்தம் வருகிறதா என்று பார்ப்பாரே, அதேதான். வெப்பமானி 150 டிகிரி காட்டியது. 160ஐத் தாண்டினால் கருகிக் கசக்க ஆரம்பிக்கும். இந்தச் சூட்டில் ஒரு துளி தோலில் பட்டாலும் ஒட்டிக்கொண்டு வேகவைத்துவிடும். அதனால் மகளை அடுப்படிப் பக்கமே விடவில்லை.

அடுப்பைச் சிறியதாக வைத்து, சட்டியைச் சாய்த்து, மேலே எழும் குமிழ்களில் மட்டும் குச்சியை ஒரே சுற்றில் உருட்டி எடுக்க வேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் அறைந்து, தன் பக்கம் இழுத்தார் ஆயி. பழங்களின் மேல் பக்கமாக மெல்லிய சர்க்கரை இறகு ஒன்று விரிந்து நின்றது. தட்டை ஜன்னலுக்கு வெளியே வைத்தோம், மைனஸ் 6 டிகிரி. இரண்டு நிமிடத்தில் இறுகிவிட்டது.

முக்குவதற்கு முன் குச்சியோடு எடை போட்டேன், முக்கிய பின்னும் போட்டேன். வித்தியாசம் சர்க்கரை. கண் மதிப்பு ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. எட்டுப் பழம் கோத்த குச்சி 82 கிராம் இருந்தது. பதம் வராத இரண்டாவது தடவையில் அது 111 கிராமாக ஏறியிருந்தது. அதாவது பாகு மட்டும் 29 கிராம். பதம் சரியாக வந்த மூன்றாவது தடவையில் 97தான், 15 கிராம் சர்க்கரை. நல்ல சூட்டில் பாகு நீர்த்து ஓடும், அதனால் மெல்லிசாகப் படியும். ஆறிய பாகு தடிமனாக அப்பும். ஒரே பழம், ஒரே சர்க்கரை, ஆனால் உடம்புக்குள் போவது பாதிக்குப் பாதி வித்தியாசம்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சீனாவின் 2022 உணவு வழிகாட்டி, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். தடிமனாகப் பாகு பிடித்த ஒரு குச்சியே 25ஐத் தாண்டிவிடுகிறது. போதாததற்குப் பழத்திலேயே 15 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. நடுவில் சிவப்புப் பயறு விழுது வைத்தது வாங்கினால் அதன் இனிப்பு வேறு.

ஊரிலிருந்து கொண்டுவந்த குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. மாலை நான்கு மணி, வெறும் வயிறு, ஒரு முழுக் குச்சி. சாப்பிடும் முன் 102, ஒரு மணி நேரம் கழித்து 187. இரண்டு நாள் விட்டு, முட்டையும் தோஃபுவும் கீரையுமாக மதியச் சாப்பாடு முடித்து, மெல்லிய பாகு போட்ட நான்கே பழம் சாப்பிட்டு, இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்து பார்த்தேன். 141. இது என் ஒருத்தியின் உடம்பு சொன்ன கணக்கு. ஆனால் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை ஆயி அழுத்திச் சொன்னார். ஷான்ஜாவின் துவர்ப்புச் சத்தும், பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற கூழ்ச் சத்தும் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து கட்டியாக இறுகிவிடலாம். சிலருக்கு எண்டோஸ்கோப்பி வைத்து உடைத்து எடுக்க வேண்டியதாகியிருக்கிறது. பெர்சிமன் பழத்துக்கும் இதே எச்சரிக்கையைச் சொல்வார்கள். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இந்தப் புளிப்பு ஆகாது. ஆயியின் கணவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், டாக்டரைக் கேட்காமல் அவர் ஷான்ஜாவைத் தொடுவதில்லை. கர்ப்பிணிகளுக்கும் அங்கே கொடுக்க மாட்டார்கள்.

நடுவில் சர்க்கரைக்குப் பதில் ஐசோமால்ட் வாங்கிப் பார்த்தேன். கடைக்காரர்கள் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் சீக்கிரம் கசியாது. கலோரி சர்க்கரையில் பாதிதான், ரத்தச் சர்க்கரையும் அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் இரண்டு குச்சி சாப்பிட்ட அன்று இரவு முழுக்க வயிறு உப்புசம், பொருமல். அளவு கூடினால் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

ஸ்ட்ராபெரி, திராட்சை, குட்டித் தக்காளி என்று இப்போது எதை வேண்டுமானாலும் பாகில் முக்குகிறார்கள். ஷான்ஜாவுக்குப் பாகு தேவை, அந்தப் புளிப்பை அப்படியே தின்ன முடியாது. தானே இனிக்கிற ஸ்ட்ராபெரிக்கு எதற்குப் பாகு? மகள் எத்தனை கேட்டும் அதற்கு மட்டும் நான் இறங்கி வரவில்லை.

பல் மருத்துவர் சொன்னதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமிலமும் ஒட்டும் சர்க்கரையும் சேர்ந்து வருவதால் பல்லுக்கு இது இரட்டை அடி. கொறித்துக்கொண்டே மணிக்கணக்கில் வைத்திருக்காமல் ஒரே தடவையில் சாப்பிட்டு, உடனே தண்ணீரால் வாய் கொப்பளித்து, அரை மணி கழித்துத் துலக்கச் சொன்னார். புளிப்பு பட்டவுடன் துலக்கினால் இளகியிருக்கும் எனாமல் தேயுமாம். மகளுக்கு நான் போட்ட விதி இன்னொன்று: குச்சி கையில் இருக்கும்போது ஓடக் கூடாது, உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். பாகு உடையும்போது விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி ஈறைக் கீறும், கூர்மையான மூங்கில் முனையோ அதை விட மோசம்.

ஆக, ஜனவரியிலிருந்து எங்கள் வீட்டில் தாங்ஹூலு ஞாயிற்றுக்கிழமை மட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு நான்கு பழம். ஒருவர் பங்குக்குச் சர்க்கரை ஏழெட்டு கிராம். எடை போடுவது மகளின் வேலை. நோட்டில் முன், பின், கழித்தல் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவாள், 15ஐத் தாண்டினால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். வசந்தத் திருவிழா, அதாவது சீனப் புத்தாண்டு சமயத்தில் பெய்ஜிங்கின் சாங்தியான் திருவிழாச் சந்தைக்குப் போனோம். அங்கே ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான குச்சிகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். ஒன்று வாங்கி, ஐந்து குடும்பமாகப் பிரித்துக்கொண்டோம்.

மார்ச் இறுதியில் மறுபடி பரிசோதனை. 5.8. வெள்ளைச் சோற்றைக் குறைத்தேன், மாலை நடையும் சேர்ந்தது, எல்லாம் தாங்ஹூலுவால் என்று சொல்ல மாட்டேன். மகளின் பல்லை அடைத்தாயிற்று, புதிதாகப் புள்ளி எதுவும் இல்லை.

அதற்குள் வெப்பக் குழாய்களும் நின்றுபோயிருந்தன. ஏப்ரல் முதல் ஞாயிறன்று செய்த குச்சிகள் அரை மணி நேரத்திலேயே வியர்த்துப் பிசுபிசுத்தன. ஆயி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "இனி நவம்பரில்தான்," என்று சொல்லிவிட்டு, மீதியிருந்த பழங்களை ஃப்ரீசரில் வைக்க எடுத்துக்கொண்டு போனார்.