‘நீங்களே சொல்லிடுங்க’

காசநோய்ச் சிகிச்சையைத் தொடங்குபவரிடம் முதல் நாளே சொல்லியாக வேண்டியவை பல உண்டு. மருந்து ஆறு மாதம், அதில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், பார்வை மங்கினாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே வர வேண்டும். ஆலோசகராகிய எனக்கு இவை மனப்பாடம். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். ஊட்டச்சத்துக்காக அரசு மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் தரும் பணம் தவணைகளாக வங்கிக் கணக்கில் ஏறும், வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்றபோது மட்டும், “பணம் வேண்டாங்க மேடம்” என்றார்.

கூலி வேலைக்குப் போகும் குடும்பம். ஆயிரம் ரூபாயை வேண்டாமென்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. அவர் கண் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. வெளியே பெஞ்சில் மாமியார், மடியில் இரண்டு வயதுக் குழந்தை. திட்டத்தை மறுபடி விளக்காமல், “போன் யாருகிட்டம்மா இருக்கும்?” என்று கேட்டேன். “அவருகிட்டதான்” என்றவர், அதன்பின் தாமாகவே பேசினார். பணம் ஏறியதும் வரும் குறுஞ்செய்தியைக் கணவர் பார்த்துவிடுவார். நெஞ்சுச் சளி என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார். தெரிந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதுவரை அவர் குறிப்பைச் சரியாகவே அறிந்தேன். உறுத்துவது அடுத்து நடந்ததுதான். நோயாளியோடு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் பரிசோதித்து, நோய் இல்லையென்றாலும் தடுப்பு மருந்து தர வேண்டும். சிறு குழந்தைகளிடம் இந்நோய் மூளையையும் தாக்கக்கூடும். “குழந்தைக்காகவாவது வீட்டில சொல்லணும்மா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றேன். மாத்திரை அட்டையின் ஓரத்தை நகத்தால் மடிப்பதும் நிமிர்த்துவதுமாக வெகுநேரம் இருந்துவிட்டு, “நீங்களே சொல்லிடுங்க” என்றார். நோயாளியின் சம்மதமின்றி எவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. சம்மதம் கிடைத்துவிட்டதென்று மாமியாரை உள்ளே அழைத்தேன்.

அவர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மாமியாரே குழந்தையைப் பரிசோதனைக்குத் தூக்கிவந்தார்; ஆறு மாத மருந்தும் முறையாக முடிந்தது. பதிவேட்டைப் புரட்டுபவர் எந்தக் குறையும் காண மாட்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு, கேட்டதற்குப் பதில் சொன்னாரே தவிர, அந்தப் பெண் என்னிடம் தாமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

பணம் வேண்டாம் என்று வாய் சொன்னதை நம்பாமல் கண்ணை நம்பிய நான், சற்று நேரத்தில் வாய்ச்சொல்லை மட்டும் அப்படியே ஏற்றது ஏன்? எனக்கு வேண்டிய பதில் அது என்பதாலா? நான் கேட்ட கேள்வியில் ‘இப்போது வேண்டாம்’ என்பதற்கு இடமே இல்லை. ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் என்று தோன்றும்போதே, அந்த வாரம் முழுவதும் குழந்தை அதே பாயில் தாயோடு படுத்திருக்கும் என்பதும் தோன்றுகிறது; அப்போது நான் செய்ததே சரி என்றாகிவிடுகிறது. இப்போதெல்லாம், “அடுத்த தடவை வரும்போது சொல்லலாமா?” என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். பெரும்பாலோர் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் அடுத்த தடவையும் அதையேதான் சொல்கிறார்கள், அதற்குள் வீட்டில் இன்னொருவர் இருமத் தொடங்கியிருந்தாலும்.