செவலையும் 40 காலடித் தூரமும்: 14 வாரப் பயிற்சிக் குறிப்புகள்

எங்கள் நாய் செவலை வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஏறத்தாழ 2 வயது. வீட்டுக்குள் இருக்கும் இடமே தெரியாது. ஆனால் தெருவில் இறங்கி, எதிரே இன்னொரு நாய் தலைகாட்டிவிட்டால் போதும், முதுகு மயிர் சிலிர்த்து, பின்னங்கால்களில் எழும்பி, தொண்டை கிழியக் குரைப்பாள். முரட்டுக் குணம் என்றே நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் கைபேசியில் எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான், குரைப்புக்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளில் அவள் உதட்டை நக்கியதும், வாயை இறுக மூடியதும், வாலை இடுக்கியதும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பியதில் வெண்விழி பிறைபோலத் தெரிந்ததும் கண்ணில் பட்டன. பயந்துபோய், வாரில் கட்டுண்டு, ஓடவும் வழியில்லாத நாய் எதிரே வருவதைச் சத்தம் போட்டாவது விரட்டப் பார்க்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, காதிலும் மூட்டுகளிலும் வலி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். வலியால் எரிந்து விழும் நாய்க்குப் பயிற்சி கொடுப்பதில் பயனில்லை. கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்தால் ஒரே வாரத்தில் அடங்கிவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. அடங்கக்கூடும், ஆனால் இன்னொரு நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், அந்த நாய் வந்தால் வலியும் வரும் என்றுதானே அவள் கற்றுக்கொள்வாள்? பயம் உள்ளே அப்படியே இருக்க, உறுமல் என்ற எச்சரிக்கை மட்டும் காணாமல் போவது இன்னும் ஆபத்து. போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை வைத்து நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், தண்டனை முறையில் பழக்கப்பட்ட நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகளும், பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் கூடுதலாக இருந்தன. சங்கிலியை விட்டு, கழுத்துக்குப் பதில் உடலைச் சுற்றி அணிவிக்கும், மார்பில் அழுத்தாத ஹார்னஸ் என்ற பட்டைக்கும் நீளமான வாருக்கும் மாறினேன்.

முதல் இரண்டு வாரங்கள் அளந்து பார்ப்பதிலேயே போயின. எந்தத் தூரத்தில் அவள் இன்னொரு நாயைக் கவனித்தும் உடல் இறுகாமல், நான் கொடுப்பதை வாங்கித் தின்கிறாள் என்பதே கேள்வி. திறந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்ததில் விடை 40 காலடி. 35இல் தின்பண்டத்தை வெடுக்கென்று பிடுங்கினாள், விரலில் பல் பட்டது. 30இல் வாயருகே கொண்டுபோனாலும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அமைதியாக இருக்கும்போது அவள் எப்படி வாங்குவாள் என்பது தெரிந்திருந்தால், வாங்கும் விதமே பயத்தின் அளவுகோலாகிவிடுகிறது.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு, பிடித்த உணவைக் கொடுத்தபடியே முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். நான் செய்ததும் அடிப்படையில் அதுதான். நாய் கண்ணில் பட்டதும் வேகவைத்த கோழித் துண்டுகள், பட்டாணி அளவில், ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாய் மறைந்ததும் அவையும் நின்றுவிடும். உட்கார் என்றோ, குரைக்காதே என்றோ எந்தக் கட்டளையும் இல்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு தவறு செய்தேன். தொலைவில் நாய் வருவதை நான் முந்திப் பார்த்துவிட்டு, அவள் பார்ப்பதற்குள் கையைப் பைக்குள் விட்டுத் துண்டை எடுக்கத் தொடங்கியிருந்தேன். நாலைந்து நாட்களில், பையின் ஜிப் சத்தம் கேட்டதுமே செவலை நிமிர்ந்து நாலாபுறமும் துழாவிப் பார்க்கலானாள். இன்பமான கோழித் துண்டே அபாய அறிவிப்பாகிவிட்டது! முதலில் நாய், ஒரு நொடி கழித்துத் தின்பண்டம் என்ற வரிசை இந்த முறைக்கு உயிர். அதன் பிறகு, அவள் காதுகள் முன்னோக்கித் திரும்பும்வரை கையை அசைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நாயே இல்லாத வேளைகளில் ஜிப்பை வெறுமனே திறந்து மூடி அந்தச் சத்தத்தின் பொருளை அழிக்க மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

ஆறாம் வாரத்தில் ஒரு மாலை, 32 காலடியில் ஒரு பழுப்பு நாய் கடந்தது. செவலை பார்த்தாள், வால் நடுவில் நின்றது, மூக்கு இரண்டு முறை விரிந்து சுருங்கியது. நான் அசையவில்லை. அவளாகவே தலையைத் திருப்பி, வாயைத் தளர்வாகத் திறந்து, என் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அன்று இருந்த துண்டுகளையெல்லாம் புல்லில் தூவிவிட்டேன். மோப்பம் பிடித்துத் தேடித் தின்பதே அவளைத் தணிக்கும்.

ஒன்பதாம் வாரம் சரிவு. முதல் நாள் இரவு இடி, மறுநாள் காலை வாசலில் அறிமுகமற்றவர், மாலையில் முனை திரும்பியதும் வாரில்லாமல் ஓடிவந்த ஒரு நாய். "ஒண்ணும் செய்யாதுங்க, சும்மா பழகத்தான் வருது" என்றார் பின்னால் வந்த பெரியவர். "ஐயா, எங்க நாய்க்குப் பயம், தயவுசெஞ்சு கூப்பிட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே நான் திரும்பி நடப்பதற்குள் செவலை வெடித்துவிட்டாள். தனித்தனியே தாங்கியிருக்கக்கூடிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. மூன்று நாட்கள் வெளியே உலாவே இல்லை. வீட்டுக்குள் மோப்ப விளையாட்டும் உறக்கமும் மட்டும். மீண்டும் தொடங்கியபோது, முந்தைய எண்ணை மறந்து 45 காலடிக்குப் போனேன். அப்படிப் பின்வாங்க மனம் ஒப்பாதவர்களுக்குச் சொல்வேன்: ஐந்தே நாட்களில் 32க்குத் திரும்பிவிட்டாள்.

இடைப்பட்ட காலத்தில், வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்மூடியையும் பழக்கினேன். உள்ளே தின்பண்டம் வைத்து, அவளாக மூக்கை நுழைக்கும்வரை பட்டியைப் பூட்டவில்லை; அதற்கு 12 நாட்கள்.

இது 14ஆம் வாரம். அகலமான பாதையில், எதிர்ப்புறம் போகும் நாயை 18 காலடியில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறாள். கறுப்பு நிறப் பெரிய நாய்களுக்கு மட்டும் இன்னும் 28 வேண்டியிருக்கிறது. குறிப்பேட்டில் அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நேற்றைய வரி: "கறுப்பு நாய், 28, பார்த்தாள், திரும்பினாள், மெதுவாக வாங்கினாள், விரலில் பல் படவில்லை."