டம்மி டக்குக்கு முன்னும் பின்னும் சிகரெட், குடி இல்லாமல் இருந்த கதை

உடம்பைக் குறைத்த பிறகு வயிற்றில் தொங்கிப்போன தோலை எடுக்க டம்மி டக் செய்துகொண்டேன். இதைப் பற்றி விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் தழும்பு எப்படி இருக்கும், வலி எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அந்த இரண்டையும்விட, சிகரெட்டும் குடியும் இல்லாமல் அந்த வாரங்களைத் தாண்டியதுதான் பெரிய வேலையாக இருந்தது. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் சந்திப்பிலேயே டாக்டர் சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு, பல வருஷமாக உண்டு என்றேன். உடனே ஒரு தாளை இழுத்து வயிற்றை வரைந்து காட்டினார். அடிவயிற்றில் ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை நீளமாக வெட்டி, தோலையும் அதற்கடியில் உள்ள கொழுப்பையும் சேர்த்து விலா எலும்புப் பக்கம் வரை பிரித்துத் தூக்கி, மேலே உள்ள தோலைக் கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டுத் தைப்பார்கள். அப்படித் தூக்கும்போது அடியிலிருந்து தோலுக்கு வருகிற ரத்தக் குழாய்கள் நிறைய அறுபட்டுவிடும். அப்புறம் பக்கவாட்டிலிருந்து வருகிற ரத்தத்தை நம்பித்தான் அந்தத் தோல் பிழைக்க வேண்டும். தையலின் நடுப்பகுதி வாய்க்காலின் கடைமடை மாதிரி, வரத்து குறைந்தால் முதலில் காய்வது அதுதான்.

நிகோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் போய்ச் சேருகிற கொஞ்ச ரத்தத்திலும் ஆக்சிஜன் பற்றாது. தோலின் ஓரம் கறுத்துச் செத்துப்போகலாம், தையல் பிரியலாம், சீழ் வைக்கலாம். ஃபேஸ்லிஃப்ட், மார்பகக் குறைப்பு என்று தோலைத் தூக்கி நகர்த்துகிற எந்த சர்ஜரிக்கும் இதே கதைதான். அழகுக்காகச் செய்கிற ஒன்றில் இதைவிட என்ன கொடுமை வேண்டும், சொல்லுங்கள்.

நிபந்தனை தெளிவாக இருந்தது. ஆபரேஷனுக்கு முன் 4 வாரம், பின் 4 வாரம், ஒரு இழுப்புகூடக் கூடாது. 6 வாரம் கேட்கிற டாக்டர்களும் உண்டு. தேதி நெருங்கும்போது சிறுநீரில் கோட்டினின் பார்ப்போம் என்றார். நிகோட்டின் சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும், ஆனால் அது உடைந்து உண்டாகும் கோட்டினின் சில நாட்கள் தங்கும், அதனால்தான் அதைப் பார்க்கிறார்கள். இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச், நிகோட்டின் கம், நிகோட்டின் உள்ள வேப் (இ-சிகரெட்) எல்லாமே இந்த டெஸ்ட்டில் தெரியும். புகை இல்லையே என்று வேப்புக்கு மாறினாலும் குழாயைச் சுருக்குகிற பொருள் அதேதான். புகைப்பதைவிடப் பேட்ச் மேல் என்று அனுமதிக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், என்னுடையவர் அனுமதிக்கவில்லை. உங்கள் டாக்டரிடம் இதைத் தனியாகக் கேட்டுவிடுங்கள், நீங்களாக ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

எனக்கு சிகரெட்டை நிறுத்த உதவும் வரெனிக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதில் நிகோட்டின் கிடையாது. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு. கொஞ்சம் குமட்டல் இருந்தது, ராத்திரியில் விசித்திரமான கனவுகள் வந்தன, ஆனால் வேலை செய்தது. முதல் 3 நாள்தான் நரகம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனசு நிற்காது. அந்தப் படபடப்பில் பாதி காபியால் வந்தது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. புகை பிடிக்கிறவர்கள் உடம்பில் கஃபீன் வேகமாகக் கரைந்துவிடுமாம், நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, வழக்கமாகக் குடிக்கிற காபியே டபுளாக ஏறும். காபியைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் ஓரளவு தூங்கினேன். தம் அடிக்கணும் என்ற வெறி வந்தால் சில நிமிஷத்தில் அடங்கிவிடும், அதுவரை எழுந்து நடந்தேன், பல் தேய்த்தேன், அவ்வளவுதான்.

இருமல் கொஞ்ச நாள் கூடியது, சளியும் வந்தது. நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது சிலருக்கு அப்படி ஆகும் என்றார் அனஸ்தீசியா டாக்டர், பயப்படாமல் தொடரச் சொன்னார். முன்கூட்டியே நிறுத்தியதன் அருமை ஆபரேஷனுக்குப் பிறகுதான் தெரிந்தது. இறுக்கித் தைத்த வயிற்றோடு தலையணையை அணைத்துக்கொண்டு ஒரு தடவை இருமிப் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பழைய புகைப்பிடிக்கிற இருமலோடு அந்த மேஜையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

குடி எனக்கு வாரக் கடைசியில் மட்டும்தான், அதனால் நிறுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. முன்னால் 2 வாரம், பின்னால் வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் முழுசாக முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை. ஆல்கஹால் ரத்தம் உறைவதைக் குழப்பும், வீக்கத்தைக் கூட்டும், உடம்பை வறள வைக்கும். பாரசிட்டமாலோடு சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை, மார்ஃபின் மாதிரியான ஓபியாய்டு வகை வலி மருந்தோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும்.

ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள், மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வழி இருக்கிறது. அனஸ்தீசியா டாக்டருக்கும் அது தெரிந்தாக வேண்டும், மயக்க மருந்தின் அளவே அதனால் மாறலாம்.

சோதனை உண்மையில் வீட்டுக்கு வந்த பிறகுதான். உள்ளே தேங்கும் நீர் வடிய இரண்டு பக்கமும் டிரெயின் குழாய் தொங்க, வயிற்றுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு, குனிந்தபடி நடந்து, நாள் முழுக்கச் சும்மா கிடக்க வேண்டும். ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே என்று மனசு பேரம் பேசும். பார்க்க வந்த நண்பன், "ஒண்ணே ஒண்ணு அடிச்சா என்னடா ஆகப் போகுது?" என்றான். அந்த நேரத்தில்தான் தையல் ஓரத்தில் ஒரு இடம் கருநீலமாக இருந்தது. அங்கே ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க டாக்டர் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த இடத்தில் சிவப்பு மெதுவாகத் திரும்பி வருவதை அவரோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். நண்பனிடம் சட்டையைத் தூக்கி அதைக் காட்டினேன், அப்புறம் அவன் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த இடம் மெல்லிய பொருக்கு கட்டி உதிர்ந்து, அடியில் நல்ல தோல் வந்தது.

வீட்டில் மச்சான் புகைப்பார். அடுத்தவர் விடும் புகையும் கூடாது என்று சொல்லியிருந்ததால், "மச்சான், கொஞ்ச நாளைக்கு வெளியே போய் பிடிங்க" என்று கேட்டுக்கொண்டேன், அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் அன்று காலையில்கூடச் சொல்லலாம். இது அவசர சிகிச்சை இல்லை, சில வாரம் தள்ளிப்போட்டால் போச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு பிடித்திருந்தாலும் உடனே போன் பண்ணிச் சொல்லுங்கள், தையலை அடிக்கடி பார்க்க வரச் சொல்வார்கள். தோல் கறுத்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.