ஒரு ஸ்கிரீனிங் கிளெய்ம் படுத்திய பாடு

அமெரிக்க கிளினிக்குகள் அனுப்பும் இன்சூரன்ஸ் கிளெய்ம்களில் மறுக்கப்பட்டுத் திரும்புபவற்றை, அதாவது டினையல்களைப் பார்ப்பது என் வேலை. தோல் புற்றுநோய் ஸ்கிரீனிங் என்றால் அதற்கான நோயறிதல் கோடு இசட் 12.83 போட்டு அனுப்பிவிடலாம், அதில் என்ன இருக்கிறது என்பார்கள். அப்படி அனுப்பிய ஒரு கிளெய்ம் இப்போதுதான் ஒருவழியாகப் பணமானது. அதற்குள் அந்த நோயாளியின் வீட்டுக்கு முழுத் தொகைக்கும் பில் போய்விட்டது. எனக்கு ஆறாதது அதுதான்.

வந்தவருக்கு எந்தப் புகாரும் இல்லை. வருடாந்திரப் பரிசோதனையில் முதுகு மச்சம் ஒன்று சரியாகப் படாததால் டாக்டர் ஷேவ் பயாப்ஸி (மேலாகச் சீவித் திசு எடுப்பது) எடுத்தார். கிளினிக்கில் பாத்தாலஜி ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கவில்லை, ‘தன்மை நிச்சயமில்லாத தோல் கட்டி’ என்ற கோடான டி 48.5 சேர்த்து அன்றே அனுப்பிவிட்டார்கள். பாத்தாலஜிஸ்ட் திசுவைப் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் அந்தக் கோடு போட வேண்டும். டாக்டரின் சந்தேகம் போதாது. போதாக்குறைக்கு, கிளெய்மில் பயாப்ஸிக்கான வரியையும் இசட் 12.83-உடனேயே இணைத்திருந்தார்கள். நோயறிதலும் செய்முறையும் பொருந்தவில்லை என்று 11-ஆம் எண் காரணத்தோடு கிளெய்ம் திரும்பியது. இன்சூரன்ஸில் பேசியவரிடம் எந்த வரி, எந்தக் கோடு என்று கேட்டால், அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

சார்ட்டைத் திறந்தால் அடுத்த தலைவலி. "மச்சம் அரிக்கிறது, ரத்தம் கசிகிறது" என்று ஒரு வரி. முந்தைய வருட நோட்டில் எழுத்துப் பிசகாமல் அதே வரி இருந்தது. காப்பி ஆகி வந்திருக்கிறது. புகாரோடு வந்தவருக்கு ஸ்கிரீனிங் கோடு செல்லாது, அறிகுறியைத்தான் கோடு செய்ய வேண்டும். ஆகவே விளக்கம் கேட்டு டாக்டருக்குக் குவெரி போட்டேன். இதில் கவனம் தேவை: "புகார் இல்லைதானே?" என்று பதிலை ஊட்டிவிடும் கேள்வி கேட்கக் கூடாது. வந்த காரணம் என்ன என்று மட்டும் கேட்டேன். புகார் எதுவும் இல்லை என்று, தேதியும் கையெழுத்துமாக அடெண்டம் (நோட்டுக்கான பின்சேர்க்கை) வந்தது.

ரிப்போர்ட்டோ கிடைப்பதாக இல்லை. அனுப்பிவிட்டோம் என்றது லேப், வரவில்லை என்றது கிளினிக். கடைசியில் லேபிடமே நேராகக் கேட்டு வாங்கினோம். சாதாரண மச்சம்தான், அதற்கான கோடு டி 22.5. மனசு லேசானது.

ஸ்கிரீனிங்கில் ஏதாவது கண்டுபிடித்தாலும் விசிட் ஸ்கிரீனிங்தான். கண்டது கூடுதல் கோடாகச் சேரும். ஆகவே, செய்முறை நடந்த அன்றே விசிட்டும் தனியாக நடந்தது என்று காட்டும் 25 மாடிஃபயரோடு விசிட் வரிக்கு இசட் 12.83, பயாப்ஸியின் செய்முறைக் கோடான 11102-க்கு டி 22.5. திருத்திய கிளெய்முக்கு, பழையதற்குப் பதிலாக வருவது என்று காட்டும் 7 போட்டு, பழைய கிளெய்ம் எண்ணையும் மறக்காமல் கொடுங்கள். இல்லையென்றால் டூப்ளிகேட் என்று தள்ளிவிடுவார்கள்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து கண்காணிப்புக்கு வருபவருக்கு இது பொருந்தாது. அங்கே சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனை என்ற இசட் 08 முதலில், முன்பு மெலனோமா இருந்தது என்ற இசட் 85.820 அடுத்து.

இன்னொன்று, ஸ்கிரீனிங் என்றால் இலவசம் என்று நோயாளியிடம் யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2023-இல் தோல் ஸ்கிரீனிங்குக்குப் போதிய சான்று இல்லை என்றுதான் சொன்னது. அந்தக் குழு பரிந்துரைக்கும் சேவைகளுக்குத் தரும் ஏ, பி தரம் இதற்கு இல்லாததால் இலவசமாகத் தரும் கட்டாயமும் இல்லை, பிளானைப் பொறுத்தது.

அந்தக் கிளினிக்கில் பழைய நோட்டைக் காப்பி செய்யும் வசதி இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கிருந்து பயாப்ஸியோடு வரும் ஸ்கிரீனிங் கிளெய்ம்களை, ரிப்போர்ட் கைக்கு வரும்வரை ஹோல்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.